நிறமும் ஓர் அமானிதம்

வெளியூர்ப் பயணத்துக்குச் சாமான் கட்டும்போது நம் வீட்டுப் பெண்மணிகள் எதையும் மறப்பதில்லை. எத்தனை படி அரிசி, எத்தனை தொழுகை விரிப்பு, ஒளுச் செய்யச் செம்பு, குழந்தைக்குக் கம்பளி, பெரியவருக்கு மாத்திரை என்று ஒவ்வொன்றும் கணக்கில் வந்துவிடும். கணக்கில் வராத ஒன்று உண்டு, அது நிறம். எந்தச் சட்டை, எந்தப் பை, எந்தப் போர்வை என்று கேட்டால், "கண்ணுக்குப் பிடித்தது" என்றோ, "அழுக்குத் தெரியாதது" என்றோ விடை கிடைக்கும். ஊருக்குள் நடமாட இவ்விரு விடைகளும் போதும். மலைக்குப் போகிறவருக்குப் போதா என்பது என் கருத்து. மலையில் நிறம் பேசும். தேடி வருகிறவனுக்கு நாம் இருக்கும் இடத்தைச் சொல்லும். அந்த மலைக்கு உரிய மனிதர்க்கும் உயிரினங்களுக்கும் நம் வருகையை அறிவிக்கும். அது பணிவாகப் பேச வேண்டுமா, உரக்கப் பேச வேண்டுமா என்பதே கேள்வி.

இக்கேள்வி என் குடும்பத்தில் ஒரு சிறு வழக்காகவே எழுந்தது. ஏற்காட்டுக் காப்பித் தோட்டம் ஒன்றில் கூடாரம் அடித்து இரண்டு நாள் தங்குவதென்று மகளும் மருமகனும் முடிவு செய்திருந்தார்கள். கூடாரம் வாங்கப் போன கடையில் இருவருக்கும் கருத்து வேறுபட்டது. மருமகன் பாசிப்பச்சைக் கூடாரத்தைக் கையில் எடுத்தார். மகளோ ஆரஞ்சு நிறத்தை விட்டு நகரவில்லை.

"காட்டுக்குள்ளே போயும் திருவிழாக் கொட்டகை போல நிற்க வேண்டுமா, மாமா?" என்று அவர் என்னைப் பார்த்தார்.

"பிள்ளை நாலடி தள்ளிப் போய்த் திரும்பிப் பார்த்தால் அதற்கு இடம் தெரிய வேண்டாமா, அத்தா?" என்று அவள் கேட்டாள்.

இரண்டு கேள்விகளிலும் நியாயம் இருந்தது. உலகெங்கும் மலையேறுவோர் நெடுங்காலமாக வாதிட்டு வருவதும் இதைத்தான். ஒரு சாரார், மலையின் அமைதியைக் குலைக்காத மங்கிய நிறமே நாகரிகம் என்பர். மறுசாரார், ஆபத்து வேளையில் கண்ணில் படாத நிறம் உயிருக்கே உலை என்பர். இருதரப்பையும் கேட்டு எனக்குத் தெளிவான தீர்ப்பை வாசகர்கள் முன் வைக்கிறேன்.

நிறத்தைப் பற்றிச் சிந்திப்பதற்குச் சேர்வராயன் மலையைவிடப் பொருத்தமான இடம் நம் பக்கத்தில் இல்லை. மலைகளில் வெண்மையும் செம்மையும் கருமையுமாக வண்ண வரிகள் அமைந்திருப்பதைத் திருமறையின் 35ஆம் அத்தியாயமான ஃபாத்திர் சூராவின் 27ஆம் வசனம் நம் கவனத்துக்குக் கொண்டுவருகிறது. சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குச் செல்கிறவர் அம்மூன்று நிறங்களையும் ஒரே பயணத்தில் காணலாம். மலையடிவாரத்தில் சுண்ணாம்புக் கரடு எனப்படும் பகுதியில் மண்ணைக் கீறிக்கொண்டு வெள்ளைக்கல் ஓடுகிறது. மாக்னசைட் என்னும் தாது அது. கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து ஏறும்போது இருமருங்கிலும் கருமை படர்ந்த சார்னோகைட் பாறைகள் நிற்கின்றன. மேலே மலைமுடிகளில் பாக்சைட் தாது கலந்த செம்மண். வெள்ளை, கறுப்பு, சிவப்பு என்று அல்லாஹ் இந்த ஒரு மலைக்கே மூன்று ஆடைகளை அணிவித்திருக்கிறான்.

மண்ணின் மேல் விளைவதும் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். 1820களில் சேலத்தில் கலெக்டராக இருந்த எம். டி. காக்பர்ன் என்னும் ஸ்காட்லாந்துக்காரர் இங்கே காப்பியைப் பயிரிடச் செய்தார். கோடை மழையின் முதல் தூறலுக்குப் பின் காப்பிச் செடி வெள்ளை வெளேரெனப் பூக்கும். ஆண்டின் இறுதியில் அதே கிளையில் பழங்கள் சிவந்து தொங்கும். நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் இலை ஒருபுறம் பச்சை, மறுபுறம் வெள்ளி. இடையிடையே ஆரஞ்சு மரங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த நேரத்திலும் இறங்கி எல்லா நிறத்தையும் ஒன்றாக்கிவிடும் மூடுபனி.

இதிலிருந்து நாம் முதலில் கற்பது, பளிச்சென்ற நிறம் என்றும் மங்கிய நிறம் என்றும் தனித்தனியே எதுவும் இல்லை என்பதுதான். நிறம் தன் பின்னணியால் வாழ்கிறது. காப்பிச் செடிகளுக்கு நடுவே வெள்ளைச் சட்டை தனித்துத் தெரியும். பூக்கும் பருவத்தில் அவ்வளவு தெரியாது. சாம்பல் நிறப் போர்வை பசும்புல்லில் தெரியும். சார்னோகைட் பாறையருகே மறைந்துவிடும். கடை விளக்கின் கீழ்க் கூடாரத்தின் நிறத்தைத் தேர்ந்தெடுப்பவர், மீனைத் தரையில் வைத்து அதன் நீச்சலை மதிப்பிடுகிறவரை ஒத்தவர்.

இனி, மங்கிய நிறத்தின் கட்சியைக் கேட்போம். அந்தக் கட்சிக்கு நீண்ட வரலாறு உண்டு. அதன் கொடியான காக்கி என்ற சொல்லே நமக்கு அந்நியமானதன்று. பாரசீகத்திலும் உருதுவிலும் 'காக்' என்றால் மண், புழுதி. புழுதி நிறமானது காக்கி. 1846ஆம் ஆண்டு பெஷாவரில் 'கைடுகள்' என்னும் படையைத் திரட்டிய ஹாரி லம்ஸ்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, சிவப்புச் சட்டையைத் தவிர்த்து எல்லைப்புறத்து மண்ணின் நிறத்தைத் தம் வீரர்களுக்கு அணிவித்தார். பின்னர் அது பிரிட்டிஷ் படை முழுவதற்கும் பரவி, நம் ஊர்க் காவலர் வரை வந்தது. வேட்டைக்காரனும், வனக் காவலனும், பறவை பார்ப்பவனும் அதே மண் நிறத்தையே நாடினார்கள். மறைந்திருக்க வேண்டியவனுக்கு அது கவசம்.

ஆனால் மங்கிய நிறத்துக்கு மறைந்திருத்தல் மட்டும் காரணமன்று; பணிவும் ஒரு காரணம். பிறர் பார்த்து வியக்க வேண்டும் என்பதற்காகவே உடுத்தும் பகட்டு ஆடையைப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தியை ஹதீஸ் நூல்கள் பதிவு செய்திருக்கின்றன. மலைக்குப் போகிறவனுக்கும் அந்த எச்சரிக்கை பொருந்தும். பகோடா பாயின்டிலோ லேடிஸ் சீட்டிலோ நின்று கீழே பள்ளத்தாக்கைப் பார்க்க ஒருவர் தொலைவிலிருந்து வருகிறார். அவர் பார்க்க வந்தது அல்லாஹ்வின் படைப்பை. எதிர்ச்சரிவில் நாம் அடித்திருக்கும் நீலமும் மஞ்சளுமான நான்கு கூடாரங்கள் அவர் பார்வையைப் பிடித்து இழுத்துக்கொண்டால், அவருக்கு உரிய ஒன்றை நாம் எடுத்துக்கொண்டவர்கள் ஆவோம். உரத்த ஒலிபெருக்கி காதுக்குச் செய்வதையே உரத்த நிறம் கண்ணுக்குச் செய்கிறது.

மலையில் நமக்கு முன்னே குடியிருப்பவர்களும் உண்டு. தலைமுறை தலைமுறையாக அங்கே வாழும் மலையாளிப் பழங்குடியினரின் ஊர்கள் இருக்கின்றன. வாயில்லா உயிர்களும் இருக்கின்றன. இரவில் தங்க நேர்ந்தால் பாதையை விட்டு விலகித் தங்குங்கள், அது விலங்குகள் நடமாடும் வழி என்று பயணிகளுக்கு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதாக முஸ்லிம் ஷரீஃபில் ஹதீஸ் வந்துள்ளது. பாலைவனத்தில் சொல்லப்பட்ட அந்த நெறி ஏற்காட்டுக்கு அப்படியே பொருந்துகிறது. பத்திரிகைகள் காட்டெருமை என்று எழுதும் காட்டுமாடுகள் இன்று அங்கே தோட்டங்களுக்குள்ளும் சாலை ஓரங்களிலும் வந்து மேய்கின்றன. காப்பி பறிக்கச் செல்லும் தொழிலாளர்க்கு அவற்றின் அச்சம் அன்றாட அச்சம்.

காட்டுக்குள் போகிறவர்களிடம், "கண்ணைப் பறிக்கும் உடை வேண்டாம், வாசனைத் திரவியம் வேண்டாம்" என்று சொல்லும் வழக்கம் இதனால்தான் வந்தது. அறிவுரை நல்லது. எனினும் விலங்கின் கண் நம் கண்ணைப் போன்றது என்ற எண்ணத்தில் அதைப் பின்பற்றினால் பிழையாகும்.

மனிதக் கண்ணில் நிறத்தை உணரும் கூம்பு உயிரணுக்கள் மூன்று வகை. மாட்டினத்தின் கண்ணில் இரண்டே வகை. சிவப்பையும் பச்சையையும் நாம் பிரித்துக் காண்பதுபோல் மாடு காண்பதில்லை. சிவப்புத் துணியைக் கண்டால் காளை மிரளும் என்பது கதை. அது மிரளுவது துணியின் அசைவுக்கு. மானின் கண்ணும் யானையின் கண்ணும் இத்தகையவையே. நமக்குத் தீப்பிழம்பாகத் தெரியும் ஆரஞ்சு நிறம் இவ்விலங்குகளுக்கு மங்கலான ஒரு பழுப்பாகவே தோன்றும். மாறாக, நீலமும் வெள்ளையும் அவற்றுக்கு நன்றாகத் தெரியும். அமெரிக்காவின் பல மாநிலங்களில் மான் வேட்டைக்குச் செல்வோர் பளீரென்ற ஆரஞ்சு நிறத்தை அணிய வேண்டுமென்று சட்டமே இருக்கிறது. சக வேட்டைக்காரன் ஆளென்று அறிந்து துப்பாக்கியைத் தாழ்த்த வேண்டும், மானோ அறியக்கூடாது. ஒரே நிறம் ஒரு கண்ணுக்கு உரத்த குரலாகவும் மற்றொரு கண்ணுக்கு மௌனமாகவும் அமைந்திருப்பதை என்னென்பது!

தேனீயின் உலகம் வேறு. அதன் கண் புறஊதாவையும் நீலத்தையும் பச்சையையும் உணரும். சிவப்பு அதற்குக் கருமையை ஒத்தது. தேனீக்கள் நிறம் காண்பதை ஆய்ந்து நிறுவிய கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றவர். கூட்டுக்கு ஆபத்து என்று எண்ணும்போது தேனீக்கள் கருத்த பொருளையே முதலில் தாக்க முனைகின்றன. தேனீ வளர்ப்போர் வெள்ளை அங்கி அணிவது அதனால்தான். பாறை விளிம்பிலும் உயர்ந்த மரத்திலும் மலைத்தேனீ கூடு கட்டும் இடங்களில் கருநிற ஆடையை விடக் வெளிர்நிற ஆடை பாதுகாப்பானது. குரங்குக்கோ நம்மைப் போலவே மூன்று வகைக் கூம்புகள் உண்டு. பழுத்த பழத்தை இலையிலிருந்து பிரித்தறிய அது அவசியம். வண்ணப் பையில் தின்பண்டம் இருக்கும் என்பதை ஏற்காட்டுக் குரங்குக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆகவே தின்பண்டம் வைக்கும் பை மங்கிய நிறமாகவே இருக்கட்டும்.

இனி, பளிச்சென்ற நிறத்தின் கட்சி. இதற்குச் சாட்சி சொல்ல நானே இருக்கிறேன்.

தங்கிய இரண்டாம் நாள் சேர்வராயன் கோயில் இருக்கும் மலைமேட்டுக்குப் போயிருந்தோம். கடல்மட்டத்திலிருந்து 1,600 மீட்டருக்கும் மேலான உயரம், திறந்த புல்வெளி. மருமகன் பச்சைச் சட்டையும் மகள் கறுப்பு அபாயாவும் அணிந்திருந்தனர். பேத்திக்கு ஆரஞ்சு மழையங்கி. நான் வழக்கம்போல் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. காலை பத்து மணி இருக்கும். பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி ஏறி வந்தது. ஏறி வந்தது என்பதைவிட, மேடு முழுவதும் பாலில் முழுகியது எனலாம். ஒருவரிடமிருந்து ஒருவர் முப்பது நாற்பது அடி தள்ளி நின்றோம். பனி ஓரளவு விலகியதும் மகள் ஓடி வந்தாள்.

"அத்தா, எங்கள் கண்ணுக்கு முதலில் காணாமற் போனது நீங்கள்தான்! வெள்ளையோடு வெள்ளையாய்ப் போய்விட்டீர்கள்" என்றாள்.

"உம்மா நிழல் மாதிரி தெரிந்தாங்க, நன்னா. நான் மட்டும் அப்படியே தெரிந்தேனாம்" என்று பேத்தி பெருமையோடு சொன்னாள்.

பிள்ளையின் சொல்லில் விஞ்ஞானம் இருந்தது. மூடுபனியின் நீர்த்துளிகள் ஒளியலையைவிடப் பன்மடங்கு பெரியவை. எல்லா நிற ஒளியையும் அவை ஏறக்குறைய ஒரே அளவில் சிதறடிக்கும். எனவே பனியை ஊடுருவிச் செல்லும் தனிச்சிறப்பு எந்த நிறத்துக்கும் இல்லை. பனியின் வெண்மையோடு எது அதிகம் மாறுபடுகிறதோ அதுவே சற்று நேரம் தாங்கும். பகல் பனியில் கறுப்பு நிழலுருவாக நிற்கும். ஆனால் மரமா மனிதனா என்று தெரியாது. வெள்ளை உடனே கரையும். ஆரஞ்சுக்கு வெளிச்ச வேறுபாட்டோடு நிற வேறுபாடும் துணை நிற்கிறது; கண்டவுடன் அது மனிதன் அணிந்த துணி என்று மனம் சொல்லிவிடும். மேலும் அத்தகைய மழையங்கிகளில் ஒளிர்சாயம் ஏற்றியிருப்பார்கள். கண்ணுக்குத் தெரியாத புறஊதா ஒளியையும் நீல ஒளியையும் விழுங்கி, ஆரஞ்சாகவோ மஞ்சளாகவோ வெளியிடும் சாயம் அது. மேகம் மூடிய வேளையில் சுற்றியுள்ள பொருள்களைவிட அது பளிச்சிடுவதற்கு அதுவே காரணம்.

பொழுது சாயும்போது கணக்கு மாறிவிடுகிறது. நல்ல வெளிச்சத்தில் மனிதக் கண் 555 நானோமீட்டர் அளவிலான மஞ்சள் கலந்த பச்சையை மிக நன்றாக உணரும். இருள் சூழச் சூழ அந்தக் கூர்மை நீலப்பச்சைப் பக்கம் நகர்கிறது. சிவப்பு விரைவில் கறுத்துப்போகிறது. மாலையில் தோட்டத்துச் சிவப்பு ரோஜா இருண்டு, அதன் இலைமட்டும் வெளிறித் தெரிவதை யாரும் கவனிக்கலாம். செக் நாட்டு அறிஞர் புர்க்கின்யே இதை 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே குறித்துவைத்தார். எனவே காலையில் காப்பாற்றும் சிவப்பு மக்ரிபு நேரத்தில் கைவிட்டுவிடும். பகல் பனியில் மறைந்த வெள்ளை அந்நேரத்தில் துணைக்கு வரும். இருட்டிய பின்னரோ எந்தச் சாயமும் உதவாது. விளக்கொளி பட்டால் அதை வந்த திசைக்கே திருப்பியனுப்பும் மின்னுபட்டை ஒன்றே அப்போது கண்ணில் படும்.

இவ்விடத்தில் நம் சமூகத்துக்கு மட்டும் உரிய ஒன்றைச் சொல்லாமல் போவது முறையாகாது. ஏற்காட்டு ஏரியைச் சுற்றி மாலையில் நடக்கும் குடும்பங்களில் நம்மவர் பலர். பெண்கள் கறுப்பு அங்கியில் சாலையோரம் வரிசையாக நடந்து வருவார்கள். நடைமேடை இல்லாத வளைவான மலைச்சாலை, மேலே மரநிழல், மக்ரிபுக்குப் பிந்திய அரையிருள். வளைவில் திரும்பும் வாகனத்தின் ஓட்டுநருக்கு அவர்கள் பத்தடி நெருங்கும்வரை தெரிவதில்லை. அன்று மாலை என் மகளும் அந்த வரிசையில் நடந்தாள். ஒரு வேன் அவளை உரசுவதுபோல் வந்து, கடைசிக் கணத்தில் விலகிச் சென்றது. ஓட்டுநர் வேகமாக வரவில்லை. கண்ணில் படாததை அவர் எப்படிக் காண்பார்?

பர்தா மறைப்பைக் கேட்கிறது, நிறத்தை வகுக்கவில்லை. கறுப்பை மார்க்கம் விலக்கவும் இல்லை, விதிக்கவும் இல்லை. பெருமானார் (ஸல்) அவர்கள் வெள்ளாடையைச் சிறப்பித்துச் சொன்னார்கள். மக்கா வெற்றி நாளன்று கறுப்புத் தலைப்பாகை அணிந்திருந்தார்கள். என் தாயார் வாசற்படி தாண்டும்போது தலைமுதல் கால்வரை மூடியது வெள்ளைத் துப்பட்டி. தமிழகத்தின் பல ஊர்களில் நம் பெண்களின் வெளியுடை அதுவாகவே இருந்தது. கறுப்பு இங்கே பெருவழக்கானது கடந்த சில பத்தாண்டுகளில்தான். அதை விரும்பி அணிகிறவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. மலைச்சாலையில் மாலையில் நடக்கும்போது தோளின் குறுக்கே ஒரு மின்னுபட்டை போட்டுக்கொண்டால் மறைப்பு குறையுமா? வெளிர்நிறத்தில் ஓர் அங்கியை மலைக்கென்று தைத்து வைத்துக்கொண்டால் மானம் குறையுமா? பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவதையே ஈமானின் கிளைகளில் ஒன்றாகக் கருதும் மார்க்கம் நம்முடையது. பாதையில் நடக்கும் நம் பெண்களின் உயிருக்கு வரும் இடையூறை அகற்றுவது அதற்குக் குறைந்ததாகுமா?

வெள்ளையைப் பற்றிப் பேசும்போது ஹஜ்ஜின் நினைவு வராமல் இராது. அங்கே ஆண்கள் அனைவரும் தையலற்ற இரு வெள்ளைத் துணிகளில் நிற்கிறார்கள். அரசனும் ஆண்டியும் ஒன்றெனக் காட்டுவதற்கு அதைவிட மேலான நிறமில்லை. ஆனால் அந்த வெண்கடலில் தொலைந்த பெரியவரைத் தேடிய அனுபவம் உள்ளவர்களைக் கேளுங்கள்! ஆகவே குழுத் தலைவர்கள் வண்ணக் கொடி பிடிக்கிறார்கள். பெண்கள் ஒரே நிறத் தலைத்துண்டு அணிகிறார்கள். பெட்டிகளில் நம் வீட்டார் சிவப்பும் பச்சையுமாக நாடா கட்டி அனுப்புகிறார்கள். மினாவில் 1997 ஏப்ரலில் நேர்ந்த பெருந்தீயில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஹாஜிகள் ஷஹீதானார்கள். அதன் பின்னர் தீப்பற்றாத வெள்ளைக் கூடாரங்கள் நிறுவப்பட்டன. வெயிலைத் திருப்பியனுப்புவதற்கு வெள்ளை. இடத்தை அடையாளம் காண்பதற்கு எண்ணும் வண்ணமும். இறைவனின் முன்னே ஒன்றாதல் ஒரு கடமை. தோழரின் கண்ணில் காணாமற் போகாதிருத்தல் மற்றொரு கடமை. இரண்டையும் ஒரே இடத்தில் நிறைவேற்றலாம் என்பதற்கு ஹஜ்ஜே சான்று.

தேடுதல் என்பது வெறும் சொல்லன்று. 2018 மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீ நடைப்பயணிகளைச் சூழ்ந்துகொண்டது. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மலைக்கிராம மக்களும் வனத்துறையினரும் தீயணைப்பு வீரர்களும் இருளில் சரிவுகளில் ஏறித் தேடினர். விமானப்படை ஹெலிகாப்டர்களும் வந்தன. அந்தத் துயரத்தை ஆடையின் நிறத்தோடு முடிச்சுப் போடுவது நியாயமன்று. தீக்கு நிறம் தெரியாது. ஆனால் நம்மைத் தேடி முன்பின் அறியாதவர்கள் தங்கள் உயிரைப் பணயம் வைத்து வரும் நாள் எவர்க்கும் நேரலாம் என்பதை அது உணர்த்தியது. அதன் பிறகு தமிழக அரசு மலைநடைப் பயணத்துக்கு விதிமுறை வகுத்தது. 2024 அக்டோபரில் வனத்துறை, வழிகாட்டிகளோடு செல்லும் 40 பாதைகளைத் திறந்தது. அனுமதியின்றிக் காப்புக்காட்டில் நுழைவதும் கூடாரம் அடிப்பதும் குற்றம் என்பதை இளைஞர்கள் மறந்துவிடக்கூடாது.

இத்தனையும் எண்ணிப் பார்த்தபின் எனக்குத் தெளிவான தீர்ப்பு இது. ஒரே நிறத்தை எல்லாவற்றுக்கும் பூசுவதில்தான் வழக்கே பிறக்கிறது. பொருளுக்குப் பொருள் நிறத்தைப் பங்கிட்டுவிட்டால் இரு கட்சியும் சமாதானமாகும்.

ஓரிடத்தில் நின்று பிறர் பார்வையை மணிக்கணக்கில் ஆக்கிரமிப்பது எதுவோ, அது மங்கிய நிறத்தில் இருக்கட்டும். கூடாரம், தரைவிரிப்பு, பெரிய முதுகுப்பை ஆகியவை இவ்வகை. அசைந்து திரிவதும் தொலைந்து போகக்கூடியதும் எதுவோ, அது பளிச்சென்று இருக்கட்டும். குழந்தையின் மழையங்கி, முதியவரின் தொப்பி, வரிசையில் கடைசியாக வருகிறவரின் மேற்சட்டை ஆகியவை இவ்வகை. கூடாரத்தின் முளை, கயிறு, கத்தி, டார்ச் விளக்கு போன்ற சின்னஞ்சிறு சாமான்களும் பளிச்சென்றே இருக்க வேண்டும். புல்லின் நிறத்தில் இருக்கும் முளை புல்லிலேயே தங்கிவிடும்; நாம் திரும்பிய பின்னும் அது மலையில் குப்பையாகக் கிடக்கும்; இரவில் கயிறு காலைத் தடுக்கும். பணிவான பைக்குள் உரத்த துணி ஒன்றை மடித்து வையுங்கள். இரண்டு முழ ஆரஞ்சுத் துணி போதும். வேண்டாத வேளையில் அது மடிப்புக்குள் உறங்கும். ஆபத்து வேளையில் கிளையில் கட்டினால் உங்களுக்காகக் குரல் கொடுக்கும்.

கடையில் எழுந்த வழக்கும் இப்படித்தான் முடிந்தது. பச்சைக் கூடாரம் வந்தது. ஆரஞ்சு மழையங்கியும் வந்தது. குழந்தை தன் இடத்தைக் கண்டுகொள்ளட்டும் என்று கூடார வாசலில் மகள் ஒரு மஞ்சள் கைத்துண்டைக் கட்டிவைத்தாள். இரவானதும் மருமகன் அதை அவிழ்த்து உள்ளே வைத்தார். இருவரும் தத்தம் கட்சியே வென்றதாக நம்பினார்கள்!

மூவர் பயணம் புறப்பட்டால் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ள வேண்டும் என்பது நபிவழி. அத்தலைவரின் முதல் வேலை, தம்மோடு வருகிறவர்களை எண்ணிக்கொண்டே இருப்பது. எண்ண வேண்டுமானால் கண்ணில் பட வேண்டும். நம் உயிர் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நம் பிள்ளைகள் அமானிதம். நாம் ஏறி நிற்கும் மலையும், அதில் மேயும் வாயில்லா உயிரும், அதைக் காண வந்த அயலாரின் அமைதியும் அமானிதங்களே. ஓர் அமானிதத்தைக் காக்க மற்றொன்றைப் பாழாக்குவது அறிவுடைமையாகாது. மனிதர்களின் மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருப்பது தன் அத்தாட்சி என்று ரூம் சூராவில் அறிவிக்கும் இறைவன், அந்நிறங்களைக் காணும் கண்களையும் பலவகையாகவே படைத்திருக்கிறான். எந்தக் கண்ணுக்குத் தெரிய வேண்டும், எந்தக் கண்ணை உறுத்தாதிருக்க வேண்டும் என்று எண்ணிப் பார்த்து உடுத்துவதும் அவனுக்குச் செலுத்தும் நன்றியே. மலையேறும் நம் குடும்பங்கள் அனைத்தையும் அவன் நலமே கொண்டுசென்று நலமே வீடு சேர்ப்பானாக!